சிற்பிகளுக்கு ஒரு சின்னப் பூங்கா: சென்னையில் என்றால் எங்கே, யாருக்கு?

மயிலை நடையன்
சென்னையில் சிலைக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரைச் சாலையில் காலாற நடந்தால் 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, போப், கால்டுவெல் எல்லாரும் வரிசையாக வருவார்கள். இது யார் சிலை என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். யார் செய்த சிலை என்று கேட்டுப் பாருங்கள். சுண்டல் விற்பவரிலிருந்து, இங்கே ஊர் வரலாறு பேசிக்கொண்டிருக்கும் நாம் வரை முக்கால்வாசிப் பேர் முழிப்போம். உழைப்பாளர் சிலைக்கு மட்டும் ராய் சௌத்ரி என்ற பெயர் சிலருக்கு வாயில் வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தீவுத்திடல் பக்கம் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற பழைய ஆளுநர் மன்றோவை லண்டனில் செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரி என்று பழைய மெட்ராஸ் பற்றி எழுதுகிற எல்லாரும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். 1839இல் வைத்த சிலை. நம் ஊரிலேயே இருந்து செய்தவர்கள் பெயர்தான் காணாமல் போய்விட்டது.

என் யோசனை இதுதான். பெரிய இடம் வேண்டாம், கால் ஏக்கர் போதும். இங்கே வாழ்ந்து வேலை செய்த சிற்பிகளுக்கென்று ஒரு பூங்கா. அவர்களுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் செய்த வேலை, அல்லது அந்த வழியில் இன்று செய்கிறவர்களின் வேலை, பக்கத்தில் பெயர், என்ன கல், என்ன உலோகம், எப்படிச் செய்தது என்று நாலு வரி. எங்கே வைக்கலாம், யார் யார் வரவேண்டும்? சொல்லுங்கள்.

வடசென்னைக்காரன்
எங்கள் தெருப் பூங்காவில் ஊஞ்சலுக்குச் சங்கிலி இல்லை. அதை மாட்டிவிட்டு சிற்பத்துக்கு வாருங்கள்.

பழைய மாணவன்
ஊஞ்சல் சங்கிலியும் வேண்டும், இதுவும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம்.

நான் பெரியமேடு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1920களின் இறுதியில் வந்து 1950களின் இறுதிவரை இருந்தார். குஸ்தி, வேட்டை, புல்லாங்குழல் என்று எல்லாவற்றிலும் கை வைத்த மனிதர். உழைப்பாளர் சிலை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மெரினா காந்தி சிலையும் வந்தது, அதுவும் அவர் வேலைதான். பாட்னாவில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, 1942இல் சுடப்பட்ட ஏழு மாணவர்களின் சிலைக் கூட்டம் இருக்கிறதே, அதையும் அவர்தான் செய்தார். உழைப்பாளர் சிலையை அடுத்த முறை பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். அந்த நாலு பேரும் பாறையை நெம்புகிற பாரம் முழுக்க முதுகிலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது.

அவருக்குப் பின் தனபால். ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்துக்கு வந்தவர், 1970களில் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். ராய் சௌத்ரியிடம் இருந்த ஐரோப்பியச் சதைப்பிடிப்பை உதறிவிட்டு, நம் கோயில் சிற்பத்தின் கோட்டுக்குத் திரும்பியவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அப்புறம் ஜானகிராம். செப்புத் தகட்டைத் தட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டுமே பார்க்கிற மாதிரி உருவம் செய்தார். கோயில் கவசத்தைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று உடனே புரியும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய கலைஞர் கிராமமான சோழமண்டலத்தில் ஜானகிராமும் இருந்தார், பணிக்கரின் மகன் நந்தகோபாலும் இருந்தார். கருங்கல்லில் என்றால் சிற்பி சி. தட்சிணாமூர்த்தி.

இத்தனை பேருக்கும் ஊரில் பொது இடம் என்று எதுவும் இல்லை. சோழமண்டலத்துக்குப் போனால் திறந்தவெளியில் சில சிற்பங்கள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி வளாகத்தில் சில. தெரிந்தவன் தேடிப் போய்ப் பார்ப்பான். தெரியாதவன் கண்ணில் தற்செயலாகப் படவேண்டும் என்றால் பூங்கா வேண்டும்.

தென்றல்
கேள்வி: ராய் சௌத்ரி பிறந்தது ரங்பூர், இன்றைய வங்கதேசம். அவர் எப்படி உள்ளூர்ச் சிற்பி?

பழைய மாணவன்
முப்பது வருடம் இங்கே சம்பளம் வாங்கி, இங்கே சிலை செய்து, மூன்று தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர் உள்ளூர் இல்லை என்றால், இந்த இழையில் பாதிப்பேர் உள்ளூர் இல்லை.

பூஞ்சேரி வழி
நீங்கள் எல்லாரும் 1850க்கு இந்தப் பக்கமே பேசுகிறீர்கள். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை முடிகிற இடத்தில், மாமல்லபுரத்துக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் தாண்டி, பூஞ்சேரி இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். அரசன் பெயர் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை, தானம் கொடுத்த கணக்கு இல்லை, வெறும் பெயர்கள். மாமல்லபுரத்தில் வேலை செய்த கல்தச்சர்களின் பெயர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அர்ச்சுனன் தபசு முன்னால் படம் எடுக்க வருகிற கூட்டத்தில் ஒரு ஆள் அந்தப் பக்கம் வருவதில்லை. சிற்பிகளுக்குப் பூங்கா என்றால் என் ஓட்டு பூஞ்சேரிக்குத்தான். அவர்களே வெட்டிக்கொண்ட பெயர்ப்பலகை அங்கே தயாராக இருக்கிறது. பாறையைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி நாலு மரம் வைத்தால் போதும்.

குடந்தை சீனு
அருமை. பெயர் போடும் வழக்கம் நம்மிடம் இல்லவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இன்னும் இரண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. சிதம்பரம் வடக்குக் கோபுர வாசலில் ஸ்தபதிகளின் உருவத்தையே செதுக்கி, சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து என்று பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் அண்ணாந்து பரத நாட்டியக் கரணங்களைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போய்விடுகிறார்கள். பேலூர்ப் பக்கம் போனால் ஹொய்சளச் சிற்பிகள் சிற்பத்தின் பீடத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள், மல்லிதம்மா பெயர் பல கோயில்களில் வரும்.

உளிச்சத்தம்
வணக்கம். நான் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்பவன். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இதில் எழுதவேண்டும் போல இருந்தது.

பூஞ்சேரி பட்டியலில் கடைசிப் பெயரை யாரும் கவனிக்கவில்லை. கொல்லன் சேமகன். கொல்லனுக்கு அங்கே என்ன வேலை? கருங்கல்லில் உளி போட்டால் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துத் திரும்பக் கொடுக்க ஆள் வேண்டும். தோய்ச்சல் கூடினால் உளி நொறுங்கும், குறைந்தால் வளையும். அந்தக் கை சரியில்லை என்றால் பட்டறை முழுக்கச் சும்மா உட்காரவேண்டியதுதான். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் பட்டறை என்றால் கூடவே உலை உண்டு. இப்போது கார்பைடு முனை வைத்த உளி வந்துவிட்டது, கிரைண்டர் வந்துவிட்டது, உலையை நாங்களே மூடிவிட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் தச்சனோடு சேர்த்துக் கொல்லன் பெயரையும் வெட்டியிருக்கிறான் பாருங்கள், அவன் தொழில் தெரிந்தவன்.

பெயர் போடுவது பற்றி இன்னொன்று. பூசைக்குப் போகிற விக்கிரகத்தில் நாங்கள் பெயர் வெட்டமாட்டோம். கண் திறந்து கொடுத்தால் அது சாமி, அதற்கப்புறம் எங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் தலைவர் சிலைக்கும், ஹோட்டல் வாசல் சிலைக்கும், ரவுண்டானா சிலைக்கும் அந்த நியாயம் எதற்கு? வெளிமாவட்டத்தில் ஒரு நகரத்தின் முச்சந்திக்குப் பத்தடிச் சிலை ஒன்று எங்கள் பட்டறையிலிருந்து போனது. திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கல்வெட்டில் ஒப்பந்ததாரர் பெயர் இருந்தது.

அப்புறம், யார் பெயரைப் போடுவது என்பதும் லேசு இல்லை. ஒரு சிலையில் கல் பார்த்து எடுப்பவர் ஒருவர், உருட்டு வேலை செய்பவர் ஒருவர், அணிகலன் நுணுக்கம் ஒருவர், முகம் பெரியவர், பாலிஷ் இரண்டு பையன்கள். ஒற்றைப் பெயர் போட்டால் மீதிப்பேருக்குத் துரோகம்.

மயிலை நடையன்
அண்ணே, இதற்காகவே இழை தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எழுதுங்கள்.

நவீனன்
எல்லாம் சரி, ஒரு முரண்பாட்டைத் தொடாமல் போகிறோம். சிற்ப சாஸ்திரப்படி தாலக் கணக்கு, அதாவது முக நீளத்தை அலகாக வைத்த உடல் அளவு, வைத்துச் செய்பவரும், அந்தக் கணக்கை உடைத்துத் தன் மனசில் இருப்பதைச் செய்பவரும் ஒரே தட்டில் வருவார்களா? பெரிய தெய்வங்களுக்கான உத்தம தச தால அளவில் ஒரு விஷ்ணு செய்வது உயர்ந்த கைத்திறன், மறுக்கவில்லை. ஆனால் தனபாலும் ஜானகிராமும் செய்தது வேறு காரியம். இரண்டையும் ஒரே பூங்காவில் வைத்தால், வருகிற கூட்டம் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு நவீனச் சிற்பத்தின்மேல் சட்டையைக் காயப்போடும்.

குடந்தை சீனு
சட்டை காயப்போட்டால் போடட்டுமே, அப்படியாவது அதன்மேல் கை படும்.

கணபதி ஸ்தபதியை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? சாஸ்திரம் கரைத்துக் குடித்தவர், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். குமரியில் 133 அடி வள்ளுவரைச் செய்தபோது, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடி உருவம் என்று கணக்கு வைத்தார். எந்தச் சிற்ப நூலிலும் இல்லாத கணக்கு அது, அவரே போட்டது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். இடுப்பை லேசாக ஒடித்து நிற்கிறாரே, அதைக் கடலுக்கு நடுவில், காற்றில், அந்த உயரத்துக்குக் கல்லை அடுக்கிச் செய்வது மரபா நவீனமா? எனக்கு அந்தக் கோடே புரிவதில்லை.

நவீனன்
கணபதி ஸ்தபதி விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து வாதம் பண்ணக்கூடாது.

தென்றல்
ஜானகிராமும் கோயில் கவசத்திலிருந்து வந்தவர் என்று மேலே பழைய மாணவன் எழுதியிருக்கிறார். எத்தனை விதிவிலக்கு சார் வைத்திருக்கிறீர்கள்?

பனிக்காடு
நான் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கில். வெர்மாண்ட் மாநிலத்தில் பேரி என்று ஒரு சிற்றூர், கிரானைட் குவாரிதான் அதன் பிழைப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் கராரா பக்கமிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கல்தச்சர்கள் வந்து குடியேறினார்கள். அங்கே பிரதான சாலை பிரிகிற முக்கோணத்தில் துண்டு நிலம் ஒன்று. அதில் 1985இல் இத்தாலியக் கல்தச்சர்களுக்காக 23 அடி உயரச் சிலை வைத்தார்கள். மீசை, சுருட்டிய சட்டைக்கை, இடுப்பில் ஏப்ரன், கையில் சுத்தியும் உளியும். கல்லும் அந்த ஊர் கிரானைட்தான். நடையன் சார் கேட்ட மாதிரி பூங்கா என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. கார் நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை, ஆனால் ஊருக்குள் நுழைகிறவன் கண்ணில் படாமல் தப்பிக்கவே முடியாது.

அங்கே ஹோப் கல்லறைத் தோட்டத்தில் எலியா கோர்ட்டி என்ற சிற்பியின் கல்லறை இருக்கிறது. 1903இல் ஒரு அரசியல் கூட்டத்தில் நடந்த கைகலப்பில் சுடப்பட்டு இறந்தவர். தொழில் செய்த சொந்தக்காரர்களே அவரை ஆளுயரத்துக்குச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். காலடியில் அவருடைய கருவிகள், எல்லாம் கல்லில். கோட்டுப் பொத்தானின் நூல்வரைக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வயதைப் பார்த்துக்கொண்டே போனால் மனசு கனக்கும். காற்றழுத்த உளி வந்தபிறகு, மூடிய கொட்டகைக்குள் பறந்த தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்து, நாற்பது ஐம்பது வயதில் போனவர்கள் ஏராளம். 1930களின் இறுதியில் தூசு உறிஞ்சும் குழாய்களைக் கட்டாயமாக்கிய பிறகுதான் நின்றது.

உளிச்சத்தம்
பனிக்காடு சார் சொன்னது எங்கள் வீட்டுக் கதை. கை உளியில் சில்லு தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொண்டால் போதும். கிரைண்டரில் வருவது மாவு, கண்ணுக்கே தெரியாத மாவு. துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம், துணி அதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் அடங்கும், ஆனால் நுணுக்க வேலையில் தண்ணீர் விட்டால் கோடு தெரியாது என்று பையன்கள் நிறுத்திவிடுவார்கள். கூலி உருப்படிக் கணக்கு என்பதால் வேகம்தான் காசு.

2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். பூங்கா வைத்தாலும் சந்தோஷம். அதில் செலவழிக்கிற காசில் கொஞ்சத்தைப் பொதுப் பட்டறைக்குத் தூசு உறிஞ்சும் மெஷின் வாங்கப் போட்டால் உயிரோடு இருக்கிற சிற்பிக்கு மரியாதை செய்த மாதிரி இருக்கும்.

வடசென்னைக்காரன்
ஊஞ்சல் சங்கிலியை வாபஸ் வாங்குகிறேன். அண்ணன் சொல்வது முதலில் நடக்கட்டும்.

மட்டக்கோல்
உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆசையைக் கொஞ்சம் தரையில் இறக்குகிறேன்.

1. சாலையோரம், நடைபாதை, மீடியன் எதிலும் புதுச் சிலை வைக்க முடியாது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், சாலையில் இருப்பவற்றை எடுத்துத் தலைவர்கள் பூங்கா என்று ஒரே இடத்தில் வைக்கச் சொன்னது. நடிகர் சிவாஜி சிலையே 2017இல் கடற்கரைச் சாலையிலிருந்து அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. எனவே முறையான பூங்கா நிலம்தான் வழி.

2. நிலம் புதிதாக வாங்கத் தேவையில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்கவேண்டும், ஓ.எஸ்.ஆர். நிலம் என்போம். வேலி மட்டும் போட்டுப் புல் முளைத்துக் கிடக்கிற துண்டுகள் புறநகரில் நிறைய.

3. கருங்கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன். மூன்றடிக்கு மூன்றடி, ஆறடி உயரம் என்றால் செதுக்கும் முன் நாலு டன். கிரேன் உள்ளே வர வழி விட்டுவிட்டு அப்புறம் நடைபாதை போடுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்து, டைல்ஸை உடைப்பார்கள். கீழே கான்கிரீட் படுக்கை, களிமண் நிலமாக இருந்தால் இன்னும் ஆழம்.

4. செப்புத் தகடு, வெண்கலம் வெளியில் வேண்டாம். கடல் காற்றில் உப்பு ஒரு பக்கம், காயலான் கடை ஒரு பக்கம். ஜானகிராமை உள்ளே வையுங்கள். வெளியில் கல் மட்டும். நாலு டன்னை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

5. பெயின்ட் அடிக்கக்கூடாது என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் பொங்கலுக்கு முன்னால் எல்லாக் கல்லுக்கும் வெள்ளியடித்துவிடுவார்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மாணவன்
சார், ஐந்தாவது விதியைக் கல்லில் வெட்டி வாசலிலேயே வைக்கலாம்.

மல்லி
இதுவரை வந்த பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. சென்னைக் கல்லூரியில் படித்து, சோழமண்டலத்தோடு இருந்த அனிலா ஜேக்கப் யாருக்கும் ஞாபகம் வரவில்லையா?

இன்னொரு விஷயம். எங்கள் பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனால் கண்ணாடிப் பெட்டி, தொடாதே பலகை. கருங்கல் வெளியில் இருக்கப் போகிறது, மழையும் வெயிலும் படப்போகிறது, பிள்ளைகள் கை பட்டால் என்ன கெட்டுவிடும்? நான் கேட்பது தொடுகிற உயரத்தில் வையுங்கள் என்பதுதான். எட்டடிப் பீடத்தில் ஏற்றி வைத்தால் அது இன்னொரு தலைவர் சிலை. அரைகுறையாகச் செதுக்கிய கல் ஒன்றும் வேண்டும். ஒரு பக்கம் குவாரியிலிருந்து வந்தபடி, அடுத்த பக்கம் உருட்டு வேலை, அதற்கடுத்து நுணுக்கம், கடைசிப் பக்கம் பாலிஷ். நாலு பக்கமும் தடவிப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

உளிச்சத்தம்
டீச்சர் சொல்கிற கல்லை நானே செய்து தருகிறேன். குவாரியில் ஆப்பு அடித்துப் பிளந்த குழி வரிசையோடு கல் எடுத்தால் அந்தப் பக்கமும் பேசும். மாமல்லபுரத்துப் பாறைகளில் பார்த்திருப்பீர்கள், பிளக்காமல் விட்டுப்போன குழிகள் வரிசையாக இருக்கும்.

நவீனன்
மல்லி சொன்ன அந்த ஒரு கல்லுக்காக என் ஆட்சேபணையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். முன்னால் வைத்து யாரும் கற்பூரம் காட்ட முடியாது.

பூஞ்சேரி வழி
பூஞ்சேரியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

மயிலை நடையன்
மறக்கவில்லை. இரண்டாகப் பிரிக்கலாம் என்று படுகிறது. பூங்காவுக்கு மட்டக்கோல் சார் சொன்ன மாதிரி தெற்குப் புறநகரில் ஓ.எஸ்.ஆர். நிலம் ஒன்றைத் தேடுவோம். சோழமண்டலத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கிடைத்தால் நல்லது. பூஞ்சேரியில் பாறைக்கு வழிகாட்டும் பலகையும், ஏழு பெயரும் படிக்கிற மாதிரி ஒரு தகவல் பலகையும் போதும். மூன்றாவதாக, பூங்காவே வராவிட்டாலும் செய்யக்கூடியது: ஊரில் இப்போதிருக்கிற ஒவ்வொரு பொதுச் சிலைக்கும் யார் செய்தது, எந்தப் பட்டறை என்று விசாரித்து இந்த இழையிலேயே பட்டியல் போடுவது. ஒற்றைப் பெயர் வேண்டாம், தெரிந்த அத்தனை கையும் வரட்டும். கொல்லன் உட்பட.

தென்றல்
பாரிமுனையிலிருந்து ராயப்பேட்டை வரை நான் விசாரிக்கிறேன். பழைய செய்தித்தாள்களில் திறப்பு விழாச் செய்தி இருக்கும், ஆனால் தலைமை தாங்கியவர் பெயர் நாலு பத்தி, சிற்பி பெயர் இருந்தால் கடைசி வரி. அந்தக் கடைசி வரியைத்தான் பிடிக்கவேண்டும்.

மட்டக்கோல்
செய்தித்தாளை விட எளிய வழி உண்டு. சிலை மாநகராட்சிப் பணமாக இருந்தால் பணப் பட்டுவாடாப் பதிவு இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்சியோ சங்கமோ வைத்ததென்றால் அவர்கள் அலுவலகத்தில் பழைய ஆள் யாராவது இருப்பார். மனுவில் "சிற்பி பெயர்" என்று மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்று பதில் வரும். "பணம் பெற்றவர் பெயர், பட்டறை முகவரி" என்று கேளுங்கள்.

வடசென்னைக்காரன்
தண்டையார்பேட்டை, ராயபுரம் என் பொறுப்பு. எங்கள் பக்கத்துச் சிலைகளில் பாதி சிமென்டில் செய்து பொன்வண்ணம் அடித்தவை, அதுவும் பட்டியலில் சேருமா?

மயிலை நடையன்
சேரும். சிமென்டும் ஒருவர் கையால் குழைத்ததுதானே.